மாரியாயி ஆடாத வருஷம்

தொட்டியத்து மாரியாயியை யாரும் ஒல்லியாகப் பார்த்ததே கிடையாது. பள்ளிக்கூடத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் மூன்றாவது ஆளுக்கு இடம் இருக்காது. சுடிதார் வாங்கப் போனால் கடைக்காரர் அவளைப் பார்க்காமல் அவள் அம்மா அமிர்தத்தைப் பார்த்துத்தான், "பெரிய சைசுல காட்டட்டுங்களா?" என்று கேட்பார். அப்பா சின்னையாவுக்கு வாழைத்தார் வெட்டிச் சுமக்கிற வேலை. லாரி வந்து நின்று ஆள் குறைந்தால் மகளைக் கூப்பிடுவார். அவள் ஒரு தாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு வரப்பில் நடந்து வருவதைப் பார்த்து மற்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். தாரை இறக்கிவிட்டு அடுத்த தாருக்குப் போவாள்.

ஒன்பதாம் வகுப்பில் அவளைக் கபடிக்கு இழுத்துக்கொண்டு போனவள் ஜாஸ்லின். வகுப்புத் தோழி, முசிறி ரோட்டில் வீடு, கம்பி மாதிரி உடம்பு. இரண்டு பேரும் பிடிக்கிற பக்கம். மாரியாயி ஓரத்தில் நிற்கிற கார்னர். அவள் கையைக் கோத்துக்கொண்டு அடுத்து நிற்பவள் ஜாஸ்லின். பாடி வருகிறவளின் காலை மாரியாயி பிடித்தால் ஜாஸ்லின் இடுப்பை அணைத்து விழுத்துவாள். பேச்சே தேவைப்படாது. ஜாஸ்லின் விரலை ஒரு அழுத்து அழுத்தினால் இப்போது வேண்டாம் என்று அர்த்தம், விட்டுவிட்டால் போ என்று அர்த்தம். கபடியில் பாடிப் போகிறவளுக்குத்தான் கைதட்டல், போட்டோ எல்லாம். ஓரத்தில் நிற்கிறவளின் பெயரைச் சொந்த ஊர்க்காரர்களைத் தவிர யாரும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. அதைப் பற்றி அவர்களுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. பள்ளி முடிந்து இருவரும் பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தார்கள், அங்கேயும் அதே இடம், அதே கை.

முதல் வருஷம் முடிகிற சமயம், சித்திரை மாதத்து ஊர்ப் போட்டிக்குத் திருச்சியிலிருந்து ஃபெமினா மேடம் வந்தார். தனியார் பெண்கள் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி இயக்குநர். எதிர் அணியில் இளவேனில் என்று மின்னல் மாதிரி பாடுகிற பெண் ஒருத்தி இருந்தாள். அவளைக் கொத்திக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்ததும் மேடம் நேராக ஜாஸ்லினிடம் வந்து, "ஓரத்துல நின்ன பொண்ணு எங்கம்மா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை மேடம் மாரியாயி வீட்டுக்கே வந்துவிட்டார். உயரம் கேட்டார், சொன்னாள். எடை கேட்டார், தெரியவில்லை. வீட்டில் எடை பார்க்கிற மிஷின் ஏது? சின்னையா யோசித்துவிட்டு இரண்டு பேரையும் வாழைக்காய் மண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தார் நிறுக்கிற தராசில் மகளை ஏற்றி நிறுத்தினார். லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எழுபத்தேழு கிலோ இருநூறு கிராம். எழுபத்தைந்துக்கு மேலே இருந்தால் களத்தில் இறக்க மாட்டார்கள் என்று மேடம் விளக்கினார்.

"ரெண்டு மூணு கிலோ இறக்கினாப் போதும். இந்த உயரமும் இந்தக் காலும் உள்ள ஒரு பொண்ணுக்காக நாலு வருஷமா அலையறேன்" என்றார் சின்னையாவிடம்.

தன் உடம்பைத் தேடி ஒருவர் அலைந்தார் என்று மாரியாயி கேட்டது அதுதான் முதல் தடவை. தராசிலிருந்து இறங்கத் தோன்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

ஃபீஸ் இல்லை, தங்க இடம் உண்டு, சாப்பாடு உண்டு, டிகிரி முடித்தால் விளையாட்டு கோட்டாவில் வேலைக்கு முயற்சி பண்ணலாம். அமிர்தம் அன்றைக்கே சரி சொல்லிவிட்டாள். மாரியாயி மட்டும், ஜாஸ்லினும் வந்தால் வருகிறேன் என்றாள். மேடம் கோபப்படவில்லை. ஜாஸ்லின் நிற்கிற இடத்துக்குத் தன்னிடம் ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள், காலியாக இருப்பது ஒரே சீட், அது கார்னருக்கு என்று பொறுமையாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து ஜாஸ்லினிடம் விஷயத்தைச் சொன்னாள். ஜாஸ்லின் ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டாள்.

"போடி. நீ போகலைன்னா உங்கம்மா என்னையத்தான் திட்டுவாங்க" என்றாள்.

ஆனி மாதம் டி.சி. வாங்கிக்கொண்டு மாரியாயி திருச்சிக்கு வந்தாள். கல்லூரி ஹாஸ்டலில் இடம் நிரம்பிவிட்டதால் விளையாட்டுப் பிள்ளைகள் ஆறு பேரை ஸ்ரீரங்கத்தில், வடக்குச் சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு வீட்டு மாடியில் தங்க வைத்திருந்தார்கள். கீழ் வீட்டில் சுபலட்சுமி மாமி. முதல் நாளே மாமி மாடிக்கு ஏறி வந்து, "முட்டை மட்டும் ஆத்துக்குள்ள வேண்டாம்மா. மத்தபடி ஒங்காத்து மாதிரி நெனச்சுண்டு இரு" என்று சொல்லிவிட்டுப் போனார். தினம் நாலு முட்டை சாப்பிட வேண்டும் என்பது ஃபெமினா மேடத்தின் உத்தரவு. அதனால் விடிகாலை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு தள்ளுவண்டிக்காரரிடம் அவித்த முட்டையை வாங்கி நின்றபடியே தின்றுவிட்டு மைதானத்துக்குப் போவாள்.

மாடியில் இருந்த மற்ற ஐந்து பேரும் பள்ளியிலிருந்தே ஒன்றாக வந்தவர்கள். கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. சினிமாவுக்குப் போகும்போது, வர்றியா என்று கேட்பார்கள். அவள் தயங்கினால் இரண்டாம் தடவை கேட்க மாட்டார்கள். மாரியாயி என்ற பெயர் அவர்களுக்கு நீளமாக இருந்தது. மேரி என்று கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

ஆகஸ்டில் மண்டலப் போட்டிக்குப் பெயர் அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து ஃபெமினா மேடம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். படிப்பு நடுவில் கல்லூரி மாறி வந்தவர்கள் ஒரு வருஷம் ஆடக்கூடாது என்று விதி இருக்கிறதாம். பல்கலைக்கழகத்தில் அவள் பெயரை மட்டும் அடித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

மாரியாயிக்குச் சட்டென்று ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாங்க மேடம்?"

மேடம் மேஜை மேலிருந்த விசிலை எடுத்துக் கயிற்றை விரலில் சுற்றினார். "போன வருஷம் ஒருத்திக்குத் தளர்த்தினாங்க. உனக்கும் தளர்த்துவாங்கன்னு நம்பிட்டேன்மா" என்றார்.

பழைய கல்லூரிக்கே திரும்பிப் போய்விடட்டுமா என்று கேட்டாள். போனால் அதுவும் மாறுதல் கணக்குத்தான், அங்கேயும் ஒரு வருஷம் உட்கார வேண்டும் என்றார் மேடம். அன்று பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது தன் நிறுத்தத்தில் இறங்க மறந்து கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி நடந்து வந்தாள்.

அந்த வருஷம் முழுவதும் அவள் பயிற்சி செய்தாள், ஆடவில்லை. காலையில் மேட் விரிப்பதும் சுருட்டுவதும் அவள். போட்டி நாட்களில் தண்ணீர் பாட்டிலும் ஸ்பிரேயும் தூக்கிக்கொண்டு போவாள். ஆட்டத்தை வீடியோ எடுக்கச் சொல்லி மேடம் தன் போனைக் கொடுப்பார். பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பிடித்தபடி, தன் இடத்தில் நிற்கிற பெண் எங்கே காலை வைக்கிறாள், எங்கே பிந்துகிறாள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். யாரும் கேட்காததால் அதை யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டில் உண்மையைச் சொல்ல அவளால் முடியவில்லை. தராசில் ஏற்றியதிலிருந்து சின்னையா மண்டியில் மகளைப் பற்றிப் பேசாத நாள் இல்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். அதனால் அப்பா கேட்கும்போதெல்லாம் நன்றாக ஆடுகிறேன் என்றாள். ஒரு மேட்ச் பார்க்க வரட்டுமா என்று அவர் கேட்டால், போட்டி வெளியூரில் என்றாள். ஜாஸ்லினிடமும் அப்படியே சொல்லி வைத்தாள். ஜாஸ்லின் விடவில்லை, வீடியோ அனுப்பச் சொல்லி நச்சரித்தாள். ஒரு நாள் பெஞ்சிலிருந்து எடுத்ததில் ஒன்றை அனுப்பினாள். அரைமணி நேரத்தில் போன் வந்தது.

"ரெண்டு தடவை பாத்துட்டேன். இதுல நீ எங்கடி இருக்கே?"

"நான்தான் எடுத்தேன்" என்றாள் மாரியாயி.

ஜாஸ்லின், சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள். அதற்குப் பிறகு வீடியோவைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை. பேச்சே குறைந்துபோயிற்று. தினமும் என்றிருந்தது வாரம் ஒரு தடவை ஆகி, பிறகு விசேஷ நாள் வாழ்த்து என்று ஆனது.

மார்கழியில் அணி மதுரைக்குப் போனது. அந்தத் தடவை பஸ்ஸில் இடமில்லை என்று மாரியாயியை விட்டுவிட்டுப் போனார்கள். அதே வாரம் வைகுண்ட ஏகாதசி. மாடியில் அவள் தனியாக இருந்தாள். கீழே தெரு முழுக்க ஜனம். மூட்டை முடிச்சோடு எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் நடைபாதையில் படுத்துக் கிடந்தார்கள். மாமி தன் உறவுக்காரர்கள் பத்துப் பேரோடு விடிவதற்கு முன்பே சேவிக்கக் கிளம்பிப் போயிருந்தார். அறையில் இருக்கப் பிடிக்காமல் மாரியாயியும் குளித்துவிட்டு வெளியே வந்தாள்.

கோபுர வாசலை நெருங்கும்போது பின்னாலிருந்து ஒரு தள்ளு வந்தது. அவளுக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் தடுமாறினாள். மாரியாயி யோசிக்கவில்லை. காலை அகட்டி ஊன்றி, முதுகைக் கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டு, அந்தப் பெண்ணையும் குழந்தையையும் முன்னால் விட்டு நின்றாள். வந்த நெரிசலெல்லாம் அவள் முதுகில் மோதி இரண்டு பக்கமும் பிரிந்து போனது. ஐந்து நிமிஷம் இருக்கும். நெரிசல் தளர்ந்ததும் அந்தப் பெண் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் வரிசையோடு போய்விட்டாள். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஏதோ ஆடி முடித்த மாதிரி உடம்பு வலித்தது. மாடிக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பங்குனியில் எடை பார்த்தபோது அறுபத்தெட்டு கிலோ. மேடம் திட்டினார். கார்னருக்கு உடம்பு வேண்டும், சாப்பிடாமல் என்ன பண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார். மாரியாயிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். உடம்பு இளைத்துவிட்டதென்று ஒருவர் அவளைத் திட்டுகிற காலமும் வந்துவிட்டது.

மூன்றாம் வருஷம் அவளை இறக்கினார்கள். மறுபடியும் எழுபத்து மூன்று கிலோவுக்கு ஏறியிருந்தாள். முதல் இரண்டு ஆட்டத்தில் கால் கூசியது, மூன்றாவதில் பிடிபட்டது. காலிறுதியில் எதிரே வந்து நின்றது பழைய கல்லூரி.

ஜாஸ்லினைக் களத்தில் பார்த்தபோது ஏதோ தப்பாகத் தெரிந்தது. அவள் பிடிக்கிற வரிசையின் நடுவில் தனியாக நின்றாள். விசில் ஊதியதும் அவளே கோட்டைத் தாண்டிப் பாடிக்கொண்டு வந்தாள். கை கோக்க ஆள் இல்லாமல் போன பிறகு அவள் பாடப் பழகியிருந்தாள். அதை மாரியாயியிடம் சொல்லவே இல்லை. பாட்டும் நன்றாக இருந்தது. மாரியாயி பாய்வதற்கு முன்னால் இடது குதிகாலைத் தூக்குவாள் என்பது உலகத்தில் ஜாஸ்லின் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்தக் குதிகாலைப் பார்த்தே அவள் மூன்று தடவை தப்பித்துப் போனாள், இரண்டு தடவை மாரியாயியைத் தொட்டுவிட்டும் போனாள்.

கடைசி நிமிஷம். மாரியாயியின் அணி இரண்டு பாயிண்ட் முன்னால். ஜாஸ்லின் மறுபடி வந்தாள். மாரியாயி வேண்டுமென்றே குதிகாலைத் தூக்கிவிட்டுப் பாயாமல் நின்றாள். ஜாஸ்லின் வழக்கப்படி அந்தப் பக்கம் விலகிக் காலை இழுத்தாள். இழுத்த கால் நேராக மாரியாயியின் கைக்கு வந்தது. கணுக்காலைப் பிடித்துக்கொண்டு மேட் மேலேயே ஒட்டிப் படுத்துவிட்டாள். மேலே நாலு பேர் விழுந்தார்கள். விசில் ஊதியது. நடுவர் கை தூக்கினார். மேலே விழுந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து குதித்தார்கள். மாரியாயி எழுந்திருக்கவில்லை, பிடித்த காலை விடவும் இல்லை.

"விடுடி" என்றாள் ஜாஸ்லின், மூச்சு வாங்கிக்கொண்டு. "முடிஞ்சு போச்சு."

"விடறேன்" என்றாள் மாரியாயி. கொஞ்சம் பொறுத்துத்தான் விட்டாள்.

அன்று சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ்ஸுக்காக நிற்கும்போது இருவரும் டீ குடித்தார்கள். வீடியோவைப் பார்த்த அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது, வந்து பார்க்கலாம் என்று இரண்டு தடவை கிளம்பினேன், என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்துவிட்டேன் என்றாள் ஜாஸ்லின். வந்திருந்தால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்றாள் மாரியாயி. பஸ் வந்தது. ஜாஸ்லின் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டினாள்.

அந்த வருஷம் மாரியாயியின் கல்லூரி இறுதிப் போட்டியில் தோற்றது. பத்திரிகையில் இரண்டு அணியிலும் பாடியவர்களின் பெயர்கள் வந்தன. கோட்டா வேலைக்கு மாரியாயி மூன்று தேர்வுகளுக்குப் போனாள். இரண்டில் அவள் பெயர் கடைசிப் பட்டியல் வரைக்கும் வந்து நின்றது. பி.பி.எட். படித்துவிட்டு இப்போது காட்டூரில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. வயது இருபத்தாறு. பள்ளிக்குப் பின்னால் ஒரு மாடி அறை. ஜாஸ்லின் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டதாகப் போட்டோ அனுப்பியிருந்தாள்.

போன தை மாதம் அமிர்தம் காட்டூருக்கே ஒரு மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாலு பேர் வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள். பொண்ணு பையனைவிடக் கொஞ்சம் வாட்டசாட்டமா இருக்கே என்று பையனின் அத்தை வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னது உள்ளே தெளிவாகக் கேட்டது. அமிர்தம் கட்டிலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். மாரியாயி அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்து, சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தாள். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். மீந்த கேசரியைக் கீழ் வீட்டுக்குக் கொடுத்தாள். சனிக்கிழமை லால்குடிப் பக்கம் ஒரு கபடிப் போட்டி இருந்தது. அதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்த கிளப்புக்குப் போன் செய்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பையில் முழங்கால் பட்டையை எடுத்து வைத்தாள்.