செருப்பு அலமாரி மேல் புழுப்பெட்டி

என் தங்கை கயோகோ மீன் அறுப்பவள். ஜப்பானில் எங்கள் ஊரான தொயொஹாஷியில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய மளிகைக் கடையில், மீன் பிரிவில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை. கணவாயின் வயிற்றுக்குள் விரலை விட்டு, மைப்பை உடையாமல் உருவி எடுப்பாள். அயிலை மீனின் குடலை வழித்துக்கொண்டே பக்கத்தில் நிற்பவளிடம் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவாள். ரத்தம், செதில், நாற்றம் எதற்கும் அவள் முகம் மாறி நான் பார்த்ததில்லை.

ஆனால் பூச்சி என்றால் ஆகாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருநாள் சில்வண்டு ஒன்று சட்டைக்குள் விழுந்துவிட்டது என்று நடுத்தெருவில் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு ஓடினாள். அந்தச் சட்டையைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடியவள் நான், அவளுடைய அக்கா, ஃபுமியே என்று பெயர். அவள் குடியிருக்கும் அடுக்குமாடியிலேயே அவளுக்கு மேல்வீட்டில் தனியாக இருக்கிறேன். பூச்சி விஷயத்தில் நான் அவளைவிட ஒரு படி மோசம். அதனால் இந்தக் கதையில் யாராவது அருவருப்பைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்று தோன்றினால், அது நானாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் தகுரோ. போன வருஷக் கோடையில் ஏழு வயது மகள் மியோவைக் கோயில் தோப்புக்குக் கூட்டிப்போய், மரத்தில் வாழைப்பழம் கட்டி, ஒரு ஜோடி கொம்பு வண்டைப் பிடித்து வந்தான். எங்கள் ஊரில் பிள்ளை பெற்ற வீடு என்றால் கோடைக்கு ஒரு வண்டுப் பெட்டி இருக்கும், அதில் புதுமை இல்லை. கோடை முடிந்ததும் வண்டு செத்துவிடும், பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைக்கலாம் என்று கயோகோவும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். வண்டுகள் செத்தன. பெட்டியைக் கவிழ்க்கப் போனால், மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள்.

"முட்டை வெச்சிருக்கு! மியோ, இங்க வா, நமக்குப் பேரப்புள்ளைங்க பொறந்திருக்கு" என்று அப்பனும் மகளும் தரையில் உட்கார்ந்து கொண்டாடினார்கள். கயோகோ என் வீட்டுக்கு ஏறி வந்து, குளியலறையில் கொஞ்ச நேரம் குந்தியிருந்துவிட்டுப் போனாள்.

நான் தகுரோவிடம் கேட்டேன். "ஏன் தம்பி, வீட்ல பூனை வளத்தா ஆகாதா?"

"அக்கா, பூனை யாரு வேணா வளப்பாங்க. ஒரு உயிரு முட்டைலேருந்து முழுசா வளர்றத புள்ள கண்ணால பாக்கணும். அப்பத்தான் உயிரோட அருமை தெரியும்."

அருமை பேசியவன் ஏப்ரல் மாதம் வடக்கே தூரத்து ஊரான செண்டாய்க்கு மாற்றலாகிப் போனான். கம்பெனி ஆளை மட்டும் கூப்பிட்டது, குடும்பம் இங்கேயே. பெட்டி கட்டும்போது அவனுடைய மீன்தூண்டில்கூடக் கூடவே போனது. நான்கு புழுக்கள் மட்டும் வாசலில், செருப்பு அலமாரி மேல், குளிர்ச்சியான இடம் பார்த்துத் தங்கிவிட்டன.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொன்றும் என் கட்டைவிரலைவிடத் தடிப்பு. கொழகொழவென்று வெள்ளை உடம்பு, பின்பக்கத்துத் தோலுக்குள் கறுப்பாகச் சாணி தெரியும். எந்நேரமும் சுருண்டு கிடக்கும், தொட்டால் இன்னும் சுருளும். மக்கிய மரத்தூளைத் தின்று தின்று, உளுந்து உளுந்தாகக் கழிந்து மேலே குவிக்கும். இருப்பதிலேயே பெரியதற்கு மியோ 'சிக்குவா' என்று பெயர் வைத்திருந்தாள். எங்கள் ஊரில் மீன் மாவைக் குழாயாகச் சுட்டு விற்பார்களே, ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்த தின்பண்டம், அதன் பெயர். அன்றிலிருந்து நான் அதை வாயில் வைக்கவில்லை. கயோகோ தினமும் கடையில் அதை அடுக்கி விற்றாக வேண்டும்.

செண்டாயிலிருந்து தகுரோ சாயங்காலம் சாயங்காலம் போன் செய்வான். மியோ வேறு எதுவும் பேசமாட்டாள். பள்ளிக்கூடம் எப்படி என்றால் "ம்". சாப்பிட்டாயா என்றால் "ம்". சிக்குவா எப்படி என்றால் மட்டும் வாய் திறக்கும். "ஓபோன் லீவுக்கு நீ வர்றப்போ சிக்குவாவுக்குக் கொம்பு வந்திருக்கும்ப்பா. நான் காட்டுறேன், கண்டிப்பா வரணும்." ஆகஸ்டில் முன்னோரைக் கும்பிட எல்லோரும் வீடு திரும்பும் அந்த விடுமுறைதான் அவளுக்குக் குறி. கொம்பு இருந்தால் அப்பா வருவார் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டுவிட்டாள் என்பது கயோகோவுக்குப் புரிந்தது. அதனால்தான் அந்தப் பெட்டியை ஆற்றில் போடாமல் வைத்திருந்தாள்.

போகும்போது அவன் சொல்லிவிட்டுப் போனது ஒன்றே ஒன்று. "மே மாசத்துக்கு முன்னாடி ஒரு தடவ மரத்தூள மாத்திடு." ஏன் முன்னாடி, தாண்டினால் என்ன என்று சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினாள். உள்ளே இருப்பது கண்ணில் படாமல் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் செய்தித்தாளைச் சொருகி, அந்தப் பக்கம் பார்க்காமல் செருப்பு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள்.

ஜூனில் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. வீடு முழுக்கக் கொசகொசவென்று பொடி ஈ. எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்துதான். ஒருநாள் காலையில் மியோவின் சூப்பில் இரண்டு மிதந்தன. பிள்ளை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தது. அதைப் பார்த்ததும் இவளுக்குத் தாங்கவில்லை. மியோ பள்ளிக்கூடம் போனதும், கடையிலிருந்து கொண்டுவந்த ரப்பர் கையுறை, முகமூடி, தலைக்குத் துண்டு எல்லாம் கட்டிக்கொண்டு, பால்கனியில் செய்தித்தாள் விரித்துப் பெட்டியை ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தாள்.

மேலே எனக்குச் சத்தம் கேட்டது. கத்தலாகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை. இறங்கி ஓடினேன்.

புழு எதுவும் இல்லை. ஈரமான கறுப்பு மண் கட்டிகளாக உடைந்து கிடந்தது. ஒவ்வொரு கட்டிக்குள்ளும் உள்பக்கம் வழவழவென்று பூசின மாதிரி ஒரு குழி. அந்தக் குழிகளில் நின்றிருந்தவை வெளியே சிதறிக் கிடந்தன. பழுத்த பேரீச்சம்பழம் நிறம், மேலே பட்டால் கிழியும் தோல். அவை கூட்டுப்புழுவாகி, உள்ளே உருமாறிக்கொண்டிருந்திருக்கின்றன. மூன்று நசுங்கி, உள்ளிருந்து மஞ்சளாகக் கூழ் வழிந்துகொண்டிருந்தது. நான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். நான்காவதற்கு நெற்றியில் கொம்பு. அது மல்லாந்து கிடந்து வயிற்றை மட்டும் வட்டம் வட்டமாகச் சுழற்றிக்கொண்டிருந்தது.

"அக்கா, இது சாவுறதுக்குள்ள ஏதாவது பண்ணணும். மியோ வந்துருவா."

தகுரோவுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், மீட்டிங்கில் இருப்பதாகச் செய்தி வந்தது. மூன்று ஆண்பிள்ளைகளைப் பெற்ற கீழ்வீட்டு ஒகிசோ அம்மாவுக்குப் போட்டாள்.

"ஜூன்லயா கவுத்த? யாராச்சும் ஜூன்ல கை வெப்பாங்களா? சரி சரி, அழாத. நாங்க எல்லாரும் ஒரு தடவ பண்ணதுதான். டாய்லெட் பேப்பர் சுத்தியிருக்கும்ல, அந்த அட்டக் குழாய் இருக்கா? ஒரு கிளாஸ்ல ஈர டிஷ்யூ வெச்சு, அதுமேல குழாய நிக்க வை. அதுக்குள்ள தல மேல இருக்கற மாதிரி எறக்கு. கையுறைய கழட்டிடு, ரப்பர் தோல இழுத்துரும். ஸ்பூன் போட்டு நெம்பாத, கொம்பு போயிரும்."

"வெறுங்கையிலயா?"

"பின்ன, சாப்பாட்டுக் குச்சியில புடிச்சுத் திங்கவா போற?"

சுருளில் பாதிப் பேப்பர் இருந்தது. அதை முழுக்க உருவித் தரையில் போட்டுவிட்டு அட்டையை எடுத்து வந்தது நான். அதற்குமேல் என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். கயோகோ கையுறையைக் கழற்றினாள். முழங்கையால் வாயைப் பொத்தினாள். பிறகு கணவாய் மைப்பையை எடுக்கும் அதே இரண்டு விரலால் அதை அலுங்காமல் தூக்கினாள். அது அவள் விரலுக்குள் நெளிந்தது. "சூடா இருக்குமோன்னு நெனச்சேன். ஜில்லுனு இருக்கு, சீ" என்று சொல்லிக்கொண்டே குழாய்க்குள் இறக்கினாள். அப்புறம் சமையலறைத் தொட்டியில் வாந்தி எடுத்தாள்.

மியோ வந்ததும் மறைக்கவில்லை. "அம்மாதான் கொட்டிட்டேன். மூணு செத்துப்போச்சு. ஒண்ணுதான் இருக்கு."

மியோ குழாயை மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "இதுதான் சிக்குவா."

எது எது என்று யாருக்குத் தெரியும்? நாங்கள் இரண்டு பேரும் "ஆமா, அதேதான்" என்றோம்.

அதற்குப் பிறகு கயோகோ தினமும் வேலைக்குப் போகுமுன் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்ப்பாள். முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் பார்ப்பாள், ஆனால் பார்ப்பாள். ஈர டிஷ்யூ காய்ந்தால் மாற்றுவாள். ஜூலையில் தோலைக் கிழித்துக்கொண்டு வண்டு வெளியே வந்தது. கொம்பு முழுசாக, நேராக இருந்தது. இறக்கைதான் சரியில்லை. மேல் ஓடு இரண்டும் கசங்கிய துணி மாதிரி மடிந்து நின்றுவிட்டன, மூடவில்லை. நடுவில் வயிறு ஈரமாக, மடிப்பு மடிப்பாகத் துடித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. மல்லாந்து விழுந்தால் தானாகப் புரளவும் முடியாது. வண்டுக்கென்றே கடையில் விற்கும் ஜெல்லிக் கிண்ணத்தை நேரே வாய்க்குக் கீழே வைத்தால்தான் நக்கும். வைத்தது கயோகோ.

ஓபோனுக்குத் தகுரோ வந்தான். மியோ வாசலிலேயே பெட்டியோடு நின்றாள். "கொம்பு பாரு."

அவன் குனிந்து பார்த்தான். அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். எங்களுக்குப் புழுவைப் பார்த்து வந்த அதே முகம்.

"அடடா, வீணாப்போச்சே. இறக்கையே மூடல. மியோ, இது ரொம்ப நாள் தாங்காது. அப்பா உனக்கு என்ன கொண்டு வந்திருக்கேன் பாரு, வெளிநாட்டு வண்டு, இதவிட ரெண்டு பங்கு பெருசு" என்று கைப்பையிலிருந்து பளபளப்பான ஒரு பெட்டியை எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்தான். பிறகு கயோகோவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அத ஃப்ரீசர்ல வெச்சிடு. வலிக்காம போயிரும்."

குரலைத் தாழ்த்தினால் பிள்ளைக்குக் காது கேட்காதா? உயிரின் அருமை சொல்லிக்கொடுக்க வந்த பெரிய மனுஷன். நான் இதுவரை இந்தக் கதையில் பார்த்த எல்லா அசிங்கத்திலும் எனக்கு மிகவும் குமட்டியது அந்த வார்த்தைதான்.

கயோகோ பெட்டிக்குள் வெறுங்கையை விட்டு வண்டை எடுத்துத் தன் மேல்கையில் வைத்துக்கொண்டாள். அது நகத்தால் அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

"ஃப்ரீசர்ல மீன் இருக்கு. நாளைக்குக் கொழம்பு வெக்கணும்" என்றாள். "அந்தப் புதுச நீங்களே எடுத்துட்டுப் போங்க. செண்டாய்ல உங்க ரூம்ல வெச்சு வளருங்க. பீயையும் நீங்களே அள்ளுங்க."

"புள்ளைக்காகத்தானே வாங்கிட்டு வந்தேன்" என்றான் அவன், என்னைப் பார்த்து.

மியோ பளபளப்புப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்தாள். பிறகு மூடி, செருப்பு அலமாரி மேல் வைக்கப் போனவள், கையை இறக்கி, அப்பா கழற்றிப் போட்ட ஷூவுக்குப் பக்கத்தில், போகும்போது மறக்காமல் எடுக்கிற மாதிரி வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சிக்குவா கயோகோவின் கையில் சர்ரென்று மூத்திரம் அடித்தது. கயோகோ மூக்கைச் சுளித்தாள். "சீ, நாத்தம் புடிச்ச நாயே" என்றாள். கையை உதறவில்லை.