அமாவாசை வகுப்பு

ஆரணியில் அமாவாசையன்று தறி ஓட்டமாட்டார்கள். அதனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் அன்றைக்குத்தான் உட்கார இடம் இருக்காது. பள்ளிக்கூடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தறி வேலைக்குப் போய்ப் படிப்பை விட்ட பிள்ளைகளுக்காக, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகள். நான் அங்கே டீச்சர். மற்ற நாட்களில் பாதிப் பாய் காலியாகக் கிடக்கும்.

கல்வியை அடிப்படை உரிமை என்று அரசியலமைப்பில் சேர்த்திருந்த புதிது. பிள்ளைகளுக்கு அதையெல்லாம் சொல்லிக்கொடுங்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அவர்கள் கொடுத்த புத்தகத்தை முதல் நாள் வாசித்தேன். முன்வரிசையே தூங்கிவிட்டது. எனக்கே கொட்டாவி வந்தபோது அவர்களைச் சொல்லி என்ன பயன்? புத்தகத்தை மூடிவிட்டு ஒரு கதையை அவிழ்த்துவிட்டேன்.

காட்டில் ஒரு நரி. பட்டுச்சேலை நெய்து விற்கிறது. முயல்குட்டி, மான்குட்டி, கரடிக்குட்டி எல்லாவற்றையும் பிடித்துவந்து தறியில் உட்காரவைக்கிறது. குட்டிகள் யானை நீதிபதியிடம் போய் முறையிடுகின்றன. யானை சட்டத்தைப் படித்துக்காட்டி, நரியின் வாலைத் தறிக்கட்டையோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. குட்டிகள் பள்ளிக்கூடம் போகின்றன. அவ்வளவுதான் கதை.

பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. அமாவாசைதோறும் அதை நாடகமாகவே போட ஆரம்பித்தோம், கூட்டம் அன்றைக்குத்தானே! நரி வேஷத்துக்கு எப்போதும் ஒரே பெண்தான் முந்திக்கொள்வாள். பதினொரு வயதிருக்கும். அவர்கள் வீட்டில் நெய்வது கோர்வைக் கரை வைத்த சேலை. அதற்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். அப்பா ஒரு பக்கம் நெய்ய, மறுபக்கத்துக் கரைக்கு ஊடைநூல் வைத்த நாடாவைத் தள்ளுவது இவள் வேலை. அதனால் மாதத்தில் அந்த ஒரு நாள்தான் வருவாள். "ஜல்தி, ஜல்தி" என்று அவள் குட்டிகளை விரட்டும்போது எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நல்ல புத்திசாலி. இப்படி வீணாகப் போகிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

ஒருநாள் நாடகம் முடிந்ததும் அவள் கேட்டாள்.

"டீச்சர், இந்தச் சட்டம் அமாவாசைக்கு மட்டும்தானா?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மற்றவர்களும் சிரிக்கவில்லை. அமாவாசையன்று மட்டும் சொல்கிற சட்டம் அன்றைக்கு மட்டும்தான் செல்லும் என்று எல்லாருமே நினைத்திருக்கிறார்கள். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. எல்லா நாளைக்கும்தான் என்றேன். அப்படியானால் நாளைக்கும் வரலாமா, அப்பாவிடம் நீங்களே வந்து சொல்கிறீர்களா என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் போனேன். வழியெல்லாம் சண்டைக்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். அவள் அப்பாவோ சண்டைக்காரர் இல்லை. தறியை நிறுத்தி, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நீங்க சொல்றது நியாயம்தாங்க. ஆனா இந்தப் பக்கம் யாரு உக்காருவா?"

கதையில் யானையிடமும் யாரும் இதைக் கேட்டதில்லை. மூலையில் ராட்டையை ஓட்டி, நாடாவுக்குள் வைக்கும் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண்ணின் அம்மா, தலை நிமிராமலே சொன்னாள்.

"நான் உக்காந்துக்கிறேன். அவ போவட்டும்."

தார் சுற்றுவதையும் சமையலையும் யார் பார்ப்பது என்று அவர் கேட்டார். விடிவதற்கு முன்பே எழுந்துகொள்கிறேன் என்றாள் அந்த அம்மா. அதோடு பேச்சு முடிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறியபோது, பெரிய கேஸ் ஒன்றை ஜெயித்துவிட்ட வக்கீல்போல நடந்தேன்.

அந்த வாரம் முழுக்க ஒழுங்காக வந்தாள். கூட்டல் கழித்தல் எல்லாம் சட்டென்று பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை பிள்ளைகள் நாடகம் கேட்டார்கள். சரி என்றேன். நரி வேஷத்துக்கு அவள் எழுந்திருக்கவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"குட்டிங்க எல்லாம் ஸ்கூலுக்கு வந்துட்டாங்க. இப்ப அவங்க அம்மாங்கதான் தறியில உக்காந்துகினு இருக்காங்க. அவங்களுக்கு எந்தச் சட்டம் டீச்சர்?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். சிலேட்டை எடுங்கள், ஏழாம் வாய்ப்பாடு எழுதுங்கள் என்று அதட்டினேன்.