கதவிடுக்கில் ஐந்து சீட்டு

மூண்ட்டா ஊரில் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களில் பாதிப் பேரைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டவள் மெர்ல் நான்கிவெல். முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். கோதுமை வயல்களுக்கு நடுவே, அலை அலையாய் மேடு தட்டிய மண் சாலையில், பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்திக்கொண்டு வர, ஒருநாளும் அவள் குரலை உயர்த்தியதில்லை. கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். இன்றைக்கும் ஊர் போலீஸ்காரர் அவளைக் கடையில் கண்டால் வாயிலிருக்கும் சூயிங்கத்தை விழுங்கிவிடுகிறார்.

ஓய்வுபெற்ற வாரமே ஒரு கார் வாங்கினாள். யாரோ பண்ணையைக் காலிசெய்து எல்லாவற்றையும் ஏலம் விட்ட இடத்தில், கோழிக்கூண்டுகளுக்கும் பழைய விதைப்பு எந்திரத்துக்கும் நடுவில் நின்றது அது. அறுபத்தாறாம் வருஷத்து வண்டி. கூரை கிடையாது. இருக்கை இரண்டே இரண்டு. பிள்ளைகள் ஏற இடமில்லை என்பதுதான் அதன் பெரிய தகுதி என்று சொல்லிச் சிரித்தாள். வலது பக்கம் அவள். இடது பக்கம் கணவன் ராஸ், மடியில் ஒரு வரைபடம், கூடவே இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட பாஸ்டி என்ற பலகாரம். பழைய கார் சங்கத்தின் பயணம் ஒன்றைக்கூட ஒன்பது வருஷமாக அவர்கள் விட்டதில்லை.

அந்த வருஷம் மார்ச்சில்தான் விவகாரம் வெடித்தது. மாடு தாண்டாதபடி சாலையின் குறுக்கே இடைவெளி விட்டுக் கம்பிகள் பதித்திருப்பார்களே, அதன்மேல் தடதடவென்று ஏறி வலப்பக்கம் திரும்பினாள் மெர்ல். இடப்பக்கக் கதவு தானாகத் திறந்துகொண்டது. பெல்ட் போட்டிருந்ததால் ராஸ் தப்பினான். பாஸ்டி பெல்ட் போட்டிருக்கவில்லை.

"உன்னைத்தான் நான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன், இந்தக் காரை இல்ல" என்றான் ராஸ், வீடு வந்து சேர்ந்ததும்.

"கதவை சரி பண்ணிட்டா வருவேல்ல?"

"தங்கத்துலயே கதவு போடு. ஓடுற இந்தக் கார்ல இனி நான் ஏற மாட்டேன், இது சத்தியம்."

ஈஸ்டர் பயணத்துக்கு ஆறு வாரம் இருந்தது. மெர்ல் தனியாகப் போகலாம்தான். ஆனால் தப்பான திருப்பத்தை அத்தனை தைரியமாகச் சொல்லும் குரல் பக்கத்தில் இல்லாவிட்டால் அது என்ன பயணம்? ராஸ் வேண்டும் அவளுக்கு. அதை அவனிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

முதலில் தாழ்ப்பாளை மாற்றினாள். பலனில்லை. பிறகு கதவின் பின்விளிம்பில், மேல்பக்க இடுக்கில் சீட்டுக்கட்டிலிருந்து ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தாள். ஐந்து நுழைந்தது. ஒரு சக்கரத்தை மட்டும் மரக்கட்டைமேல் ஏற்றிவிட்டு மறுபடி செருகினாள். இரண்டோடு நின்றுவிட்டது. கதவுமேல் குற்றமில்லை, காரின் உடம்பே முறுக்கிக்கொள்கிறது. கூரையில்லாத கார் மூடியைக் கிழித்த அட்டைப்பெட்டி மாதிரி. அறுபது வருஷ மண் சாலை அதை இன்னும் தளர்த்தியிருந்தது.

அடியில் இரும்பு மாட்டி உடம்பை இறுக்கப்போவதாகச் சங்கத்தில் சொன்னதும் தேநீர் ஆறும்வரை சண்டை. கில்பர்ட் பென்ரோஸ் எண்பத்திரண்டு வயதுக்காரர். காரில் ஒரு திருகாணி மாறினாலும் அவருக்குத் துக்கம்தான்.

"செஞ்சவன் வைக்காத இரும்பை நீ எதுக்கும்மா வைக்கிறே?"

"செஞ்சவன் நம்ம ரோட்டைப் பாத்ததில்ல கில்பர்ட்."

"முதல்ல துரு இருக்கான்னு பாரு. துருப்பிடிச்ச கார்ல இரும்பை மாட்டினா, மாட்டின இடத்துலயே பிச்சுக்கிட்டு வந்துடும். அப்படியும் வைக்கணும்னா போல்ட்ல வை. வெல்டிங் மட்டும் வேணாம். நாளைக்குக் கழட்டலாமில்ல."

துருவைப் பற்றி அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. கதவுக்கடியில் ஓடும் பெட்டிச் சட்டத்தைத் திருப்புளியால் அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்த்தாள். எங்கும் இறங்கவில்லை. பழைய சொந்தக்காரர் வருஷா வருஷம் உள்ளே மீன் எண்ணெய் ஊற்றிவைத்த புண்ணியம் அது. வெயில் நாளில் தெருப் பூனைகள் எல்லாம் காரைச் சுற்றி உட்கார்ந்திருப்பதற்குக் காரணமும் அதுதான்.

வேலையை ஏற்றுக்கொண்டவன் டூகி கிட்டோ. விதைப்பு எந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன், வேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். முன்சட்டத்தையும் பின்சட்டத்தையும் இணைக்க நீளவாக்கில் இரண்டு இரும்புக் குழாய், குறுக்கே ஒன்று. கில்பர்ட்டுக்காகப் போல்ட். எந்திரங்களை நிறுத்திப் பழகிய மாதிரியே, காரையும் நடுவயிற்றில் முட்டுக்கொடுத்துத் தூக்கினான். இடைஞ்சலாக இருக்கிறதென்று கதவுகளைக் கழற்றி ஓரம் வைத்தான். இரும்பை மாட்டி, உயிர்போக முறுக்கினான்.

"இனி யானை உக்காந்தாலும் அசையாது, மெர்ல்!"

அசையவில்லைதான். இறக்கிக் கதவை மாட்டினால் மேலிடுக்கில் எட்டுச் சீட்டு நுழைந்தது. தாழ்ப்பாள் எட்டவே இல்லை. நடுவில் தாங்கி நின்றபோது எஞ்சின் பாரத்தில் முன்பக்கமும் டிக்கிப் பாரத்தில் பின்பக்கமும் தொங்கியிருக்கின்றன. அந்தத் தொங்கலை அப்படியே இரும்பு போட்டுப் பூட்டியிருக்கிறான் டூகி. அவன் முகமும் தொங்கிப்போயிற்று.

மெர்லுக்கு எரிச்சல் டூகிமேல் இல்லை, தன்மேல்தான். பேருந்துக் கதவை ஆளில்லாத நேரத்தில் சரிசெய்துவிட்டு, பிள்ளைகள் ஏறியதும் அது மாட்டிக்கொண்டதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்!

"எல்லாத்தையும் தளர்த்து டூகி. உன் பட்டறைக் குழிமேல சக்கரத்துலயே நிக்கட்டும். கதவை மூடணும். எப்படி ஓடுமோ அப்படியே ஆள் உள்ள உக்காந்திருக்கணும். அப்புறம்தான் முறுக்கணும்."

"அப்ப இடப்பக்கம் யாரு?"

ராஸ் பட்டறை வாசலில் நின்றிருந்தான். இந்தக் காரோடு தனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லிக்கொண்டே தினமும் வந்து நிற்பான். மெர்ல் அவன் பக்கம் திரும்பவில்லை.

"பார்லி மூட்டை வை. தொண்ணூறு கிலோ போதும்."

"தொண்ணூத்தி நாலு" என்றான் ராஸ், ரோஷத்தோடு. "நாப்பது வருஷம் கூடக் குடித்தனம் பண்ணினவனுக்குப் பதிலா மூட்டையா?"

"மூட்டை கதவைக் குறை சொல்லாது பாரு."

ராஸ் காரை ஒருமுறை சுற்றிவந்தான். "இது இப்ப ஓடாதுல்ல?"

"குழிமேல நிக்குது. எங்க ஓடும்?"

"அப்ப உக்காந்தா சத்தியம் மீறினதாகாது" என்று ஏறிக் கதவைச் சாத்தினான். கூடவே பொட்டலம் பிரித்து ஒரு பாஸ்டியையும் மடியில் வைத்தான். அவன் எடையில் அதுவும் சேர்த்திதானாம். மெர்ல் ஓட்டும் இருக்கையில் ஏறிக்கொண்டு சீட்டுக்கட்டை அவன் கையில் திணித்தாள்.

குழிக்குள்ளிருந்து டூகி சின்ன ஜாக்கியால் சட்டத்தை மெல்ல மெல்ல நெம்பினான்.

"எத்தனை?"

"மூணு" என்றான் ராஸ், இடுக்கில் கண்ணை வைத்து. "நெம்பு... நாலு. இன்னும் கொஞ்சம். ஐயோ, ஆறாயிடுச்சு, இறக்குடா! அஞ்சு. அசையாதே!"

"கீழிடுக்குல?" என்றாள் மெர்ல்.

"அங்கயும் அஞ்சு. மெர்ல், ரெண்டும் அஞ்சு!"

போல்ட் துளைகள் மயிரிழை தள்ளியிருந்தன. டூகி அராவிப் பெரிதாக்கினான். வெல்டிங் செய்திருந்தால் அறுத்துத்தான் எடுத்திருக்கவேண்டும். கில்பர்ட்டுக்கு ஒரு கேக் கடன்பட்டோம் என்று மெர்ல் நினைத்துக்கொண்டாள். ஒன்றரை மணி நேரம் இருவரும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பூனைகள் மூன்று வந்து சேர்ந்தன. சீட்டுக்கட்டு கையில் இருந்ததால் நாலு ஆட்டம் போட்டார்கள். நாலிலும் ராஸ் தோற்றான்.

"முடிஞ்சுது, இறங்கலாம்" என்று டூகி குழியிலிருந்து தலையை நீட்டினான்.

யாரும் இறங்கவில்லை. மெர்ல் சாவியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கேட்டால் மாட்டேன் என்றுவிடுவானோ என்று பயமாக இருந்தது.

"ராஸ், நீ பக்கத்துல இல்லாம எனக்குப் போகப் பிடிக்கல" என்றாள் கடைசியில்.

ராஸ் பெல்ட்டை இழுத்து மாட்டினான். "அந்த மாட்டுக் கம்பிக்குப் போ. கணக்குத் தீக்கணும்."

வழியெல்லாம் ராஸின் ஒரு கை கதவுப் பிடியை நெரித்துக்கொண்டிருந்தது. மறுகை பாஸ்டிமேல். கம்பிகள் தடதடத்தன. வலப்பக்கம் திரும்பினாள் மெர்ல். கதவு முனகக்கூட இல்லை.

கொஞ்ச தூரம் போனபின் ராஸ் பிடியை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் பாஸ்டியைப் பிடித்துக் கடித்தான்.

"அடுத்தது இடது" என்றான் வாய் நிறைய.

உண்மையில் அடுத்தது வலது. மெர்ல் இடப்பக்கமே திருப்பினாள்.