இரை எடுக்காத மீன்

பதுளை கடைவீதியில் வளர்ப்பு மீன் கடை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். அதற்கு முன் கொழும்பில் மீன் குஞ்சு எடுத்து விற்கும் ஒரு வீட்டில் வேலை பார்த்திருந்தேன். தொட்டியில் வளர்க்கும் சிக்லிட் இன மீன்களின் குணம் எனக்கு அத்துப்படி. முதலாளி ஹனிபா நல்ல வியாபாரி. ஆனால் மீனுக்கு ஒன்று என்றால் பதறிப்போவார்.

ஒரு நாள் காலை, லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லொறி டிரைவர் செபஸ்தியான் வாளியோடு வந்து நின்றார். உள்ளே, எங்களிடம் வாங்கிய மவுத் புரூடர் என்ற சிக்லிட் மீன் ஜோடியில் பெட்டை. வயிறு ஒட்டி, தாடை வீங்கியிருந்தது.

“என்னாங்க, நோஞ்சான் மீனக் குடுத்திருக்கீங்க? எரையே எடுக்க மாட்டேங்குது. அதப் பாத்து எங்க வீட்லயும் சரியா சாப்பிடறதில்ல.”

அவர் மனைவி மேரி கொழுந்து எடுக்கும்போது சறுக்கி விழுந்து, கால் முறிந்து, மாவுக்கட்டோடு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் படுத்திருந்தார். பொழுது போகட்டும் என்று கட்டிலுக்கு எதிரே தொட்டி வைத்துக் கொடுத்திருந்தார் செபஸ்தியான்.

முதலாளி மீனைப் பார்த்ததும், “தம்பி, இது நோய். மத்தத் தொட்டிக்குப் பரவினா கடையே போச்சு. இத வீசிட்டு அவருக்கு வேற மீன் குடுங்க” என்றார்.

மீனின் தாடை எதையோ மெல்லுவதுபோல் அசைந்துகொண்டிருந்தது. எனக்குப் பொறி தட்டியது.

“அண்ணே, எர எடுக்காமப் போறதுக்கு முன்னால என்ன நடந்துச்சு?”

“நான் லொறியில போறவன், எனக்கு என்னா தெரியும்? மஞ்ச மஞ்சயா முட்ட போட்டுச்சாம், போட்ட கையோட எல்லாத்தையும் முழுங்கிருச்சாம். வீட்ல சொன்னா. அது செமிக்கல போல.”

சிரித்துவிட்டேன். “முழுங்கலண்ணே, வாயில வச்சிருக்கு. இந்தச் சாதி மீன் வாயிலதான் குஞ்சு பொரிக்கும். அதுவரைக்கும் எர தொடாது.”

செபஸ்தியான் அரைமனதாக மீனை விட்டுப் போனார். “செத்துச்சுன்னா அவ மொகத்துல நான் முழிக்க முடியாது” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மீனைத் தனித் தொட்டியில் விட்டு, கண்ணாடியைச் சுற்றிக் காகிதம் ஒட்டினேன். முதலாளி மீன் நோய்க்குப் போடும் உப்புப் பொட்டலத்தோடு வந்து வந்து நிற்பார். “கொஞ்சமாப் போட்டுப் பாப்பமே தம்பி.”

“மெரண்டா முட்டயத் துப்பிரும் முதலாளி. இது செத்தா நான் வேலைய விட்டுப் போறேன்.”

மீன் நாளுக்கு நாள் மெலிந்தது. ஆனாலும் நான் கை வைக்கவில்லை.

ஒரு காலை தொட்டி நிறையக் கடுகு சிதறியதுபோல் குஞ்சுகள். முதலாளி ஆவலோடு குனிந்தார். அவர் நிழல் விழுந்ததும் அத்தனையும் தாயின் வாய்க்குள் பாய்ந்து மறைந்தன.

“யா அல்லாஹ், தின்னுட்டுது!”

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க முதலாளி.”

அவர் விலகியதும் தாய் வாயைத் திறந்தது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே நீந்தின. முதலாளி உப்பை மறந்து கைதட்டிச் சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த நாளில் மேரி கம்பூன்றிக் கடைக்கு வந்தார். முதலாளி தன் நாற்காலியையே, காகிதம் பிரித்த தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டார். வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு மேரி கணவர் பக்கம் திரும்பினார்.

“முட்ட போட்டுச்சுன்னு நான்தான் அன்னைக்கே சொன்னேனே. யாரு காதுல வாங்குனீங்க?”

அதன்பின் நோய் என்று மீனை யார் கொண்டுவந்தாலும் நான் உடனே மருந்தைத் தேடியதில்லை. வீட்டில் அந்தத் தொட்டியைப் பார்த்தபடி யார் உட்கார்ந்திருப்பார்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.