முக்கால் அங்குலம் குறைந்த ட்ராமெல்

பெல் ரிவியேரிலிருந்து பல்கலைக்கழக மைதானத்துக்கு மூன்று மணி நேரம். அவ்வளவு தூரமும் ட்ராமெல் ஃபோன்டனோ வேனின் தரையில் மல்லாந்து படுத்தபடியே வந்தான். பின் இருக்கைகளை முந்தின நாளே கழற்றிவிட்டார்கள். தூங்கி எழுந்த உடம்பு கால் அங்குலம் கூடுதலாக இருக்கும், உட்கார்ந்தால் முதுகெலும்பு அமுங்கி அது போய்விடும் என்பது எங்கள் பக்கத்துப் பையன்களின் அசையாத நம்பிக்கை.

“அம்மா, ஒண்ணுக்குப் போகணும்.”

“அடக்கு. இறங்கினா உயரம் போயிடும்னு நீதானடா சொன்ன?”

“அப்ப குழியில விடாம ஓட்டு. முதுகு குலுங்குது.”

“அதை லூசியானாவுல ரோடு போட்டவன்கிட்ட சொல்லு.”

எர்லின் ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு, இன்னொரு கையால் அவித்த முட்டையைப் பின்னால் நீட்டினாள். அவன் படுத்தபடியே தின்றான்.

எர்லின் பத்தொன்பது வருடமாக இறால் ஆலையில் வேலை பார்க்கிறாள். ட்ராமெலுக்குப் பதினேழு வயது. இரண்டு கோடை விடுமுறைகள் அவனும் அங்கே இறால் உரித்திருக்கிறான். பள்ளி முடிந்ததும் குளிர் அறையில் அவனுக்கு ஒரு வேலை தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார். எர்லின் நன்றி சொன்னாளே தவிர, சரி என்று சொல்லவில்லை. காரணம் ஃபுட்பால். எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுகிறவனை ஒட்டியே ஓடி, அந்த முட்டை வடிவப் பந்து அவன் கையில் சேராமல் தட்டிவிடுவது மறிப்பாளனான ட்ராமெலின் வேலை. போன பருவத்தில் பதினொரு பந்துகளைத் தட்டிவிட்டான். ஆனாலும் எந்தப் பல்கலைக்கழகமும் அவனைக் கூப்பிடவில்லை. இது ஒன்றுதான் கூப்பிட்டது. இங்கேயும் மறிப்பாளனுக்கு ஒரே ஒரு இடம்தான் மிச்சம். அது கிடைத்தால் நான்கு வருடப் படிப்பும் சாப்பாடும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு.

கூப்பிட்டதற்குப் பின்னால் ஒரு கணக்குப் பிழை இருந்தது. எங்கள் பள்ளிகளில் எல்லாப் பயிற்சியாளரும் பையனின் உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டி எழுதுவார்கள். எல்லாப் பல்கலைக்கழகமும் இரண்டு அங்குலம் கழித்துப் படிக்கும். இதில் யாரும் ஏமாறுவதில்லை. ஆனால் ட்ராமெலின் பள்ளிக் கோச் லெமோய்ன் அவசரத்தில் ஐந்து அடி பதினொன்றே கால் அங்குலத்தை முதலில் ஆறடி என்று முழுமையாக்கினார். பிறகு பழக்கதோஷத்தில் அதன் மேல் இரண்டு கூட்டினார். பல்கலைக்கழகத்தில் மறிப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் ராக்மோர் வழக்கம்போல இரண்டைக் கழித்தார், ஆறடி வந்தது. “ஆறடிக்குக் குறைஞ்சவங்களை நான் எடுக்கறதில்ல. இவனை வரச் சொல்லுங்க” என்றார். அதற்குப் பிறகு லெமோய்னுக்கு வாய் திறக்கத் துணிச்சல் இல்லை.

காலை எட்டு மணிக்கே வெயில் கொளுத்தியது. நூற்றுப் பத்துப் பையன்கள் காலுறையோடு வரிசையில் நின்றார்கள். அளக்கிறவர் கட்டையை உச்சந்தலையில் இறக்கிச் சத்தமாகச் சொல்வார். மேஜையில் இருப்பவர் அதே சத்தத்தில் திருப்பிச் சொல்லி எழுதுவார். ஒளிக்க இடமே கிடையாது.

ட்ராமெலுக்கு முன்னால் நின்றவன் ஹாலிஸ் டக்கர். அவனும் மறிப்பாளன்தான், அதே ஒரு இடத்துக்குத்தான் வந்திருக்கிறான். வெள்ளைத் தொப்பி போட்ட அவன் அப்பா வேலியோரம் ராக்மோரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“ஆறடி இரண்டு!”

“ஆறடி இரண்டு!”

டக்கர் திரும்பி ட்ராமெலைப் பார்த்தான். “நீ எவ்ளோ ப்ரோ?”

“இப்ப கத்துவாங்கல்ல, கேட்டுக்கோ.”

கட்டை இறங்கியது. ட்ராமெல் மூச்சை இழுத்துப் பிடித்தான்.

“ஐந்து அடி பதினொன்றே கால்!”

மூன்று மணி நேரம் படுத்து வந்தும் ஒரு நூல் கூடக் கூடவில்லை. ராக்மோர் தலையைத் தூக்கிப் பார்த்தார், காகிதத்தில் எதையோ அடித்தார்.

நாற்பது கஜ ஓட்டத்தில் நிலைமை இன்னும் மோசமானது. மரக்கட்டை மாதிரி படுத்து வந்த கால்கள் சூடேற மறுத்தன. ஊரில் லெமோய்னின் கைக்கடிகாரம் நாலரை நொடிக்கும் குறைவாகக் காட்டும். இங்கே இயந்திரம் நான்கு புள்ளி ஆறு எட்டு என்றது. இரண்டாவது வாய்ப்பில் நான்கு புள்ளி ஆறு ஒன்று. பின்தொடையில் ஏதோ சுருக்கென்றது. அவன் யாரிடமும் சொல்லவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் எர்லின் எழுந்து நின்றிருந்தாள். “தண்ணி குடிடா. மூஞ்சியைத் தொங்கப்போடாத.”

“முடிஞ்சுபோச்சும்மா.”

“அவங்க அனுப்பினாங்களா? இல்லல்ல? அனுப்பற வரைக்கும் முடியல.”

மதியம் நேருக்கு நேர். பந்து பிடிப்பவர்கள் ஒரு வரிசை, மறிப்பவர்கள் ஒரு வரிசை. முன்னால் நிற்கும் இருவரும் மோதுவார்கள், ஒருவன் பந்தை வீசுவான். பிடிப்பவர்களில் மார்கெல் சிம்ஸ் என்றொருவன். ஆறடி நான்கு. பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் அவனைத் தேடி வீட்டுக்கே போகின்றன. அவனிடம் மாட்டினால் மானம் போகும். அதனால் மறிப்பவர்கள் எதிர் வரிசையை எண்ணுவார்கள். தங்கள் முறை சிம்ஸுக்கு நேராக வரும்போல் இருந்தால் திடீரென்று ஷூ கயிறு அவிழ்ந்துவிடும், குனிந்துவிடுவார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

சிம்ஸ் முன்னால் வந்தான். டக்கர் குனிந்தான்.

“உனக்குமா மச்சி? இன்னைக்கு எல்லாருக்கும் கயிறு பிரச்சனை” என்று சிம்ஸ் சிரித்தான்.

ட்ராமெல் டக்கரைத் தாண்டி வந்து நின்றான்.

“யாரு நீ, குட்டி?”

“பந்தை வீசச் சொல்லு.”

சிம்ஸ் இடப்பக்கம் தோளைக் காட்டி வலப்பக்கம் வெட்டினான். ட்ராமெல் விழுந்தான். திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து சிம்ஸின் கையில் இருந்தது. ஓவென்று கூச்சல். “புல்லு எப்படி இருக்கு, ருசியா?” என்று யாரோ கேட்டார்கள்.

எழுந்து வரிசையின் கடைசிக்குப் போனான். அவனும் எதிர் வரிசையை எண்ணினான். தன் முறை வந்ததும் பின்னால் நின்றவனிடம், “நீ போ” என்றான். அடுத்தவனிடமும் அதையே சொன்னான். சிம்ஸ் முன்னால் வரும்வரை அவன் நகரவில்லை.

இரண்டாவது முறை கூடவே ஓடினான். இடுப்போடு இடுப்பு உரசியது. பந்து உயரமாக வந்தது. சிம்ஸ் அவன் தலைக்கு மேலே எட்டிப் பறித்தான்.

“இன்னும் கொஞ்சம் வளர்ந்துட்டு வா தம்பி.”

“வரிசையில நில்லு, வர்றேன்.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ராக்மோர் மைதானத்தின் அந்த மூலையிலிருந்து இந்தப் பக்கம் நடந்து வந்திருந்தார்.

மூன்றாவது முறை ட்ராமெல் மூக்குக்கு மூக்கு நெருங்கி நின்றான். விசில் அடித்ததும் இரு கையாலும் நெஞ்சில் ஒரு தள்ளு. சிம்ஸின் முதல் அடி தடுமாறியது. தொடை இழுத்தது, ஆனாலும் ஓடினான். பந்தை அவன் பார்க்கவேயில்லை. சிம்ஸின் கண்ணைத்தான் பார்த்தான். கண் விரிந்த நொடியில் கையை அவன் இரு கைகளுக்கும் நடுவே செருகிக் கீழே வெட்டினான். பந்து புல்லில் உருண்டது.

சிம்ஸ் அதைப் பார்த்தபடி நின்றான். “சரி,” என்றான். “சரிடா.”

மூன்று மணிக்கு நீண்ட விசில். ராக்மோர் நேராக எர்லினிடம் வந்தார். ட்ராமெல் நொண்டிக்கொண்டு பின்னால் வந்தான்.

“மேடம், கொஞ்சம் எழுந்து நிக்கிறீங்களா?”

எதற்கென்று அவளுக்குத் தெரியும். பையன் இன்னும் வளர்வானா என்று தாயின் உயரத்தைப் பார்த்துக் கணிப்பார்கள். அவள் எழுந்தாள்.

“அஞ்சடி நாலு. அவன் அப்பா அஞ்சடி ஏழு. இவன் ஒரு வருஷமா அதே பேண்ட்டைத்தான் போடறான். இதுக்கு மேல வளரமாட்டான் சார்.”

“அம்மா!” என்றான் ட்ராமெல்.

“சும்மா இரு. காகிதத்துல பொய் எழுதினது போதும்.”

ராக்மோர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். “மூணு தடவையும் ஏன்டா அவன்கிட்டயே போன?”

“வேற யாரை மறிச்சாலும் நீங்க திரும்பிப் பாத்திருப்பீங்களா சார்?”

ராக்மோர் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். எர்லின் பக்கம் திரும்பினார். “இடம் இவனுக்குத்தான்.”

எர்லின் சிரிக்கவில்லை. “எழுத்துல தருவீங்களா?”

“டிசம்பர்லதான் கையெழுத்து மேடம். அது விதி. அதுவரைக்கும் என் வார்த்தை.”

“வார்த்தை எங்க ஊர்ல நிறைய பேருக்கு வந்திருக்கு. இதே வார்த்தையை இன்னைக்கு வேற யாருக்கு குடுத்தீங்க?”

“யாருக்கும் இல்ல. டக்கர் குடும்பத்துக்கு இல்லைன்னு இனிமேதான் சொல்லணும்.”

“அப்ப போய்ச் சொல்லிட்டு வாங்க. நாங்க இங்கேயே நிக்கிறோம்.”

ராக்மோர் மைதானத்தைக் குறுக்காகக் கடந்து போனார். ட்ராமெல் வேலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். பேச்சு எதுவும் இங்கே கேட்கவில்லை. டக்கரின் அப்பா கையை நீட்டினார், தோளைத் தட்டினார், ஏதோ சொன்னார். ராக்மோர் இல்லையென்று தலையை ஆட்டினார். டக்கரின் அப்பா மறுபடி ஏதோ சொன்னார். ராக்மோர் மறுபடியும் தலையை ஆட்டினார்.

வெள்ளைத் தொப்பி மெல்லத் திரும்பியது. மைதானத்தின் குறுக்கே அவர் இவர்களைப் பார்த்தார்.

எர்லின் கண்ணைத் தாழ்த்தவில்லை. “இப்ப உட்காருடா. உயரம் போனா போகட்டும்,” என்றாள்.