வெள்ளையடித்த தண்ணீர்த் தொட்டி

எங்கள் ஊர் ஒரகடம் பக்கம். போன வருஷம் தெருவிலிருக்கும் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் நாற்றம் அடிக்கவே, பெண்களெல்லாம் சேர்ந்து பஞ்சாயத்து ஆபீசில் மனு கொடுத்தோம். ஒரே வாரத்தில் ஆட்கள் வந்தார்கள். தொட்டிக்குப் பளிச்சென்று வெள்ளையடித்து, 'சுத்தம் செய்யப்பட்டது' என்று நீலத்தில் எழுதினார்கள். நாங்களும் பூரித்துப்போய்க் குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினோம். வேலை திருப்தி என்று அவர்கள் நீட்டிய தாளில், மாதர் சங்கத் தலைவியான நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை என் குடத்தில் இறகும் புழுவுமாக விழுந்தது. என் கணவர் ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். உள்ளே ஊறி உப்பிய காக்கை! அந்தத் தண்ணீரில்தான் முந்தின நாள் கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கரைத்துக் கொடுத்திருந்தேன். நல்லவேளை, வாந்தியோடு போயிற்று.

ஆபீசுக்கு ஓடினேன். எழுத்தர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வெள்ளையடிக்கத்தாம்மா சாங்ஷன் வந்துது. உள்ள எறங்கிக் கழுவறதுக்கு வேற ஃபைலு. நீதான் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டியே, இப்போ இன்னா?"

தூ!

இப்போதெல்லாம் யார் கையெழுத்துக்கு வந்தாலும், அந்தக் குழாயிலேயே ஒரு டம்ளர் பிடித்து, "மொதல்ல நீங்க குடிங்க சார்" என்று நீட்டுகிறேன். இன்றுவரை ஒருவரும் வாங்கிக் குடித்ததில்லை.