நேபாளத்துக்கு முன்னால் ஒரு பொன்முடி

திருவனந்தபுரத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் வெளிநாடு இலங்கை. நேர்கோட்டில் அளந்தால் கொழும்பு, இங்கிருந்து சாலை வழியே திண்டுக்கல் போகிற தூரம்தான். ஆனால் நம் பைக்கை அங்கே கொண்டுபோக வேண்டுமென்றால் முதலில் வண்டி ஏற்றும் கப்பல் வேண்டும். அதற்குப் பிறகு, வண்டியைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று உத்தரவாதப் பத்திரம் வேண்டும், அதற்கு வைப்புத்தொகை வேண்டும். விசாரித்து விசாரித்து அலுத்துப்போய், 2,750 கிலோமீட்டர் வடக்கே ஏறி நேபாளத்துக்குள் நுழைவது என்று முடிவு செய்தோம். அங்கே இந்திய வண்டிக்கு எல்லையில் ஒரு சீட்டு வாங்கினால் போதும்.

செய்தோம் என்றால் நானும் என் மச்சினன் ரமணனும். எனக்கு வயது ஐம்பத்தொன்று. பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். ரமணன் என் மனைவியின் தம்பி, கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸில் இருக்கிறான். கம்ப்யூட்டரில் கட்டம் போட்டுத் திட்டம் எழுதாமல் அவனுக்குப் பல் தேய்க்கக்கூடத் தெரியாது. ஓணம் முடிந்தால் பாத்திரக்கடையில் ஈ ஓட்டுவதுதான் வேலை என்பதால், அக்டோபர் முதல் வாரம் கிளம்புவது என்று தேதி குறித்தோம். போன வருஷத்துக் கதை இது. இரண்டு பேரிடமும் 350 சிசி வண்டி. ஒரு நாளைக்கு 350 கிலோமீட்டர், எட்டு நாளில் எல்லை, நேபாளத்தில் பத்து நாள்.

இதில் ஒரே ஒரு சிக்கல், நான்தான். ஆறு வருஷமாக இன்சுலின் போடுகிறேன். காலையில் ஓர் ஊசி, இரவில் ஓர் ஊசி. என் மனைவி பகவதி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லவில்லை, ஒரு கண்டிஷன் போட்டாள்.

"முழு லக்கேஜோட பொன்முடி போய்ட்டு வாங்க. ஒரு குழப்பமும் இல்லாம திரும்பி வந்தா நேபாளம். இல்லேன்னா கடையப் பாத்துட்டு இரிங்க."

நியாயமான கண்டிஷன்தான். பொன்முடி இங்கிருந்து 58 கிலோமீட்டர், இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். மழை, மூடுபனி, ஈர ரோடு எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். நேபாளத்து மலைப்பாதைக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு பள்ளிக்கூடம் கிடையாது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் ஒரு மலை இருக்கும், பெட்டிகளை ஏற்றிக்கொண்டு முதலில் அங்கே போங்கள். வெறும் வண்டி வேறு, முப்பது கிலோ கட்டிய வண்டி வேறு.

தப்பு எங்கே நடந்தது என்றால், நல்ல நாள் பார்த்ததில். சிங்கம் ஒன்று, மலையாள வருஷப் பிறப்பு, அன்று சோதனை ஓட்டம் வைத்துக்கொள்வோம் என்றேன். புறப்படும் முன் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வேண்டும். உடைக்கும் வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது என்பது எங்கள் குடும்ப வழக்கம். காலை 6.10-க்கு வீட்டில் ஊசி போட்டேன். கோயிலுக்குப் பத்து நிமிடம், தேங்காய்க்கு ஐந்து நிமிடம், ஆறரைக்கு ஆப்பமும் கடலைக்கறியும். என் கணக்கு அப்படி இருந்தது.

அங்கே போய்ப் பார்த்தால் ஊரில் உள்ள புது வண்டி எல்லாம் பூஜைக்கு வரிசையில் நிற்கிறது. சிங்கம் ஒன்றுக்கு வண்டி எடுக்காத மலையாளி உண்டா? தினமும் அந்தக் கோயிலைப் பார்த்துக்கொண்டே கடை திறக்கிற எனக்கு இது தோன்றாமல் போனதுதான் வேடிக்கை. எங்கள் முறை வந்து, தேங்காய் உடைத்து, வெல்லம் போட்டுச் சுட்ட உண்ணியப்பமும் மோதகமும் வைத்த பிரசாத இலையை வாங்கி ஜாக்கெட் பாக்கெட்டில் வைத்தபோது மணி 7.25. பிரசாதம் பகவதிக்கு. பழவங்காடி உண்ணியப்பம் என்றால் அவளுக்கு உயிர்.

"அத்தான், இப்ப ஓட்டல்ல இருந்தா ட்ராஃபிக் ஆயிரும். நெடுமங்காட்டுல சாப்பிடலாம், கேட்டியளா?" என்றான் ரமணன்.

ஒரு சர்க்கரை இல்லாத சாயா, ஒரு பருப்பு வடை. அவ்வளவோடு கிளம்பினோம். நெடுமங்காட்டில் 8.05-க்கு ஓட்டல் வாசல் வரை கூட்டம். விதுரயில் பார்க்கலாம் என்றான். விதுர வந்தபோது, இன்னும் கொஞ்சம்தானே, மேலே போய் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று நானே சொன்னேன். வண்டி அப்படி அழகாக ஓடிக்கொண்டிருந்தது. கல்லாறு செக்போஸ்ட்டில் சீட்டு எடுத்து மலை ஏறத் தொடங்கும்போது மணி ஒன்பது.

பதினாலாவது வளைவுக்கு முன் கை நடுங்கியது. குளிர் என்று நினைத்தேன். அந்தக் குளிரில் ஹெல்மெட்டுக்குள் வியர்வை வழிந்தபோதுதான் விஷயம் புரிந்தது. வளைவு இரண்டாகத் தெரிந்தது. எந்த வளைவில் திரும்புவது என்று யோசித்துக்கொண்டே எப்படியோ ஓரம் கட்டி ஸ்டாண்டு போட்டு, ரோட்டோர மதிலில் உட்கார்ந்தேன். பயந்துவிட்டேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ரமணன் முன்னால் போய்விட்டான், போனில் சிக்னல் இல்லை. டேங்க் பையிலிருந்து சுகர் மீட்டரை எடுத்து விரலைக் குத்திப் பார்த்தேன். 56. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

குளுக்கோஸ் பாக்கெட் இருந்தது. எங்கே? பின்பெட்டியின் அடியில், மழைக்கோட்டுக்கும் டூல்கிட்டுக்கும் கீழே, பத்திரமாக. அதைத் தோண்டி எடுக்கக் கையில் பலமில்லை. பாக்கெட்டில் இருந்த இலையைப் பிரித்தேன். பகவதிக்கு வைத்திருந்த நாலு உண்ணியப்பத்தையும் இரண்டு மோதகத்தையும் ஒன்று விடாமல் தின்றேன்.

அப்போது எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து இறங்கி வந்த ஒருவர் என்னைப் பார்த்து நின்றார். நாற்பது வயது இருக்கும், தலையில் பிளாஸ்டிக் கோணி.

"என்ன சாரே, தல சுத்துதா? காலத்த ஒண்ணும் திங்கலையா?"

சுகர் என்றேன். அவர் மதில் மேல் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பஸ்ஸுக்குப் போகிறவர்போல. அந்தப் பக்கம் பஸ்ஸே கொஞ்சம்தான், அதை விட்டுவிட்டு உட்கார்ந்தார். கால் மணி கழித்து என் முகத்தைப் பார்த்து, "இப்ப சோர வந்துட்டு" என்றார். ரத்தம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

"ஒத்தைக்கா வந்திய?"

"மச்சினன் மேல போய்ட்டான்."

"அவருகிட்ட சொல்லுவியள்லா?"

தலையை ஆட்டினேன். மீட்டரில் 94 வந்த பிறகு மெல்ல ஏறினேன். மேலே ரமணன் பால் விடாத கட்டன்சாயாவோடு நின்றுகொண்டிருந்தான்.

"எங்க அத்தான் போனிய? அர மணிக்கூறாச்சு."

"போட்டோ எடுத்துட்டிருந்தேன்."

"காட்டுங்க, பாக்கட்டும்."

"மூடுபனி. ஒண்ணும் விழல."

நேபாளம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவனிடம் சொன்னால் அரை மணியில் அவன் அக்காவுக்குப் போய்விடும். மேலே இட்லியும் முட்டைக்கறியும் ஒரு கட்டு கட்டிவிட்டு இறங்கினோம். மத்தியானம் வீடு திரும்பியதும் பகவதி கேட்ட முதல் கேள்வி, "பிரசாதம் எங்க?"

"அத ஏன் கேக்க? பொன்முடியில ஒரு குரங்கு பறிச்சுட்டுப் போயிட்டு."

அவள் ஜாக்கெட்டைத் துவைக்க வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கண்டிஷன் பாஸ் என்று ரமணன் தன் கட்டத்தில் பச்சை நிறம் அடித்தான்.

அதற்குப் பிறகு காகித வேலைகள். இதை எழுதக் காரணமே நீங்களும் இந்தப் பாதையில் போக நினைக்கலாம் என்பதுதான், அதனால் சொல்லிவிடுகிறேன். ஆர்சி புத்தகமும் லைசென்ஸும் அசலாக வேண்டும், போனில் காட்டுவதை நம்பாதீர்கள். வண்டி உங்கள் பெயரிலேயே இருந்தால் பாதித் தலைவலி இல்லை. அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். நம் இன்சூரன்ஸ் எல்லையோடு சரி, நேபாளத்துக்கு அங்கேயே தனியாக எடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் நாலு நகல். பெரிய நோட்டு பற்றிய விதி அடிக்கடி மாறுகிறது, நாங்கள் நூறு ரூபாய்த் தாள்களாகவே கொண்டுபோனோம்.

ஊசி கொண்டுபோகிறவர்கள் இன்னொரு காகிதம் வைத்துக்கொள்வது நல்லது. பையில் ஊசியும் மருந்துக் குப்பியும் இருந்தால் சுங்கத்தில் கேட்கலாம், டாக்டர் கடிதம் இருந்தால் பேச்சு அதோடு முடியும். செப்டம்பர் கடைசியில், புறப்பட ஒன்பது நாள் இருக்கும்போது, அந்தக் கடிதத்துக்காக டாக்டரம்மாவிடம் போனேன். பகவதியும் கூட வந்தாள்.

டாக்டரம்மா மலையாளத்தில் பேசியபடியே கடிதத்தை டைப் செய்தார். பெயர், வயது, மருந்து, அளவு. பிறகு நிமிர்ந்து, இந்த மூன்று மாதத்தில் சுகர் எழுபதுக்குக் கீழே போனதுண்டா என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. டேங்க் பை கட்டியாயிற்று, கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தாயிற்று, ரமணன் லீவு வாங்கியாயிற்று. ஆனால் எனக்குப் பதினாலாவது வளைவு இரண்டாகத் தெரிந்தது ஞாபகம் வந்தது. இங்கே ஒரு மதிலும் ஒரு மனிதரும் கிடைத்தார்கள். நாக்பூர் தாண்டிய நெடுஞ்சாலையில் என்ன கிடைக்கும்? கூட வருகிற ரமணனுக்கு என்ன ஆகும்?

"உண்டு டாக்டர். பொன்முடியில. அம்பத்தாறு."

பகவதியைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவள் குரல்தான் கேட்டது.

"சிங்கம் ஒண்ணு, காலத்த ஒம்பது இருபத்தாறு. பதினாறு நிமிஷம் கழிச்சு தொண்ணூத்தி நாலு." டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "நான் அது குரங்குக்குப் பாத்த சுகர்னு நெனச்சேன் டாக்டர்."

மீட்டர் தேதியும் மணியும் போட்டு எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் என்பது, ஆறு வருஷமாக அதைக் குத்திக்கொண்டிருக்கிற எனக்குத் தோன்றவில்லை. ஜாக்கெட் பாக்கெட்டில் நாலாக மடித்த வெறும் இலையையும் அவள் அன்றைக்கே எடுத்திருக்கிறாள். எந்தக் குரங்கு இலையை மடித்துத் திருப்பிக் கொடுக்கும்? முழுப் பூசணிக்காயை ஆறு வாரம் சோற்றில் மறைத்தவன் என்னைத் தவிர யார் இருப்பார்கள்?

டாக்டரம்மா சிரித்து முடித்து, காலை மருந்தை மாற்றி எழுதினார். சாப்பாடு கண் முன்னால் வந்த பிறகுதான் ஊசி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நின்று பார்க்க வேண்டும், நூறுக்குக் கீழே இருந்தால் வண்டி எடுக்கக் கூடாது. இதெல்லாம் எனக்குச் சொன்னது, உங்களுக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான் சரி.

வெளியே வந்து பைக்கில் உட்காரும்போது கேட்டேன். "அப்ப நேபாளம் கட்டா?"

"அங்க இல்லேன்னு சொல்லியிருந்தா, வெளிய வந்ததும் சாவிய வாங்கியிருப்பேன்" என்றாள். "நீங்களா சொல்லுவீங்களான்னுதான் இவ்வளவு நாளும் பாத்துட்டிருந்தேன். எனக்கு அந்த ஆறு வாரமும் உறக்கம் இல்ல." எனக்கு அதுவரை தோன்றாத வெட்கம் அப்போது தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பொன்முடி, இந்தத் தடவை அவள் பின்னால் உட்கார்ந்து வந்தாள். முதலில் ஆப்பம், பிறகு பிள்ளையார். இருபத்திரண்டு வளைவுகள், மூன்று நிறுத்தம், ஒரு தடவைகூட நூற்றுப் பத்துக்குக் கீழே போகவில்லை. ரமணனிடம் அன்றே எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து, பழைய பச்சையை அழித்து, பெட்ரோலுக்குப் பக்கத்தில் 'அத்தான் சாப்பாடு' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டான்.

இனி போகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். இன்சுலினைத் தண்ணீரில் நனைத்து வைக்கும் குளிர்ப் பையில் போட்டு, எஞ்சின் சூடு படாத இடத்தில் கட்டுங்கள். கடலை மிட்டாயும் குளுக்கோஸும் பெட்டியில் இருந்து பிரயோஜனமில்லை, சட்டைப் பாக்கெட்டில் இருக்க வேண்டும். கூட வருகிறவருடைய பாக்கெட்டிலும் இருக்க வேண்டும். உடம்பு பலமானவர் பின்னால் வரட்டும், முன்னால் போகிறவருக்குக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. சாமி எங்கேயும் போகாது, சாப்பிட்டுவிட்டு வரலாம். முக்கியமாக, கூட வருகிறவரிடம் மறைக்கிற எதையும் மூட்டை கட்டாதீர்கள்.

புறப்பட்டு எட்டாம் நாள், காலை 11.20-க்கு சோனௌலி எல்லை. வண்டிச் சீட்டுக்கு இரண்டு கவுண்ட்டர்கள், ஒன்றரை மணி நேரம், பத்து நாளுக்கு நேபாளப் பணத்தில் இரண்டாயிரம். பையைத் திறந்து பார்த்தவர் ஊசிகளைப் பார்த்தார், கடிதத்தைப் படித்தார், மூடிவிட்டார். வளைவு வாசலுக்கு முன்னால் இரண்டு வண்டிகளையும் நிறுத்தி போட்டோ எடுத்து பகவதிக்கு அனுப்பினேன்.

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. நேபாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"குரங்குக்கு எவ்வளவு?"

விரலைக் குத்தி, மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். 128.

"அப்ப கேறிக்கோங்க" என்று அனுமதி வந்தது.

ரமணன் பின்னால் நின்று ஹாரன் அடித்தான். வண்டியை எடுத்தேன்.